சத்தம் வராத விளையாட்டுப் பெட்டியும் நீ அனுப்பிய மணிக்கூடும்

தம்பி,

நீ அனுப்பிய மணிக்கூடு வெடிகுண்டு மாதிரி செய்யப்பட்டிருந்தது. அதை எடுக்கத் தபால் கந்தோருக்குப் போன உன் அப்பாவைத் தெருவோரத்தில் முழங்காலில் நிற்க வைத்துவிட்டுப் பொலிசுக்குக் கொண்டுபோனார்கள். இந்தக் கதையை நீ உன் நிச்சயதார்த்த விருந்தில் எழுந்து நின்று பகிடியாகச் சொன்னாய், மண்டபமே சிரித்தது. முதலாவதை யோசிக்காமல் செய்தாய் என்று வைத்துக்கொள்கிறேன். இரண்டாவதைச் செய்தது நீ அல்ல. மூன்றாவதை நன்றாக யோசித்து, எந்த இடத்தில் நிறுத்தினால் சிரிப்பார்கள் என்று பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறாய்.

அந்த வீடியோவை உன் அக்கா ஒரு சீடியில் பதிந்து தெல்தெனியவிலிருந்து கொண்டுவந்தாள். உனக்குப் பேசி முடித்த பெண்தான் படம் பிடித்திருக்கிறாள் போல. கமராவுக்குப் பக்கத்தில் அவளுடைய சிரிப்புத்தான் எல்லாவற்றிலும் பெரிதாகக் கேட்கிறது. அவள் கனடாவில் பிறந்தவள், அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நீ இரண்டு கையையும் தலைக்குப் பின்னால் கட்டி, முழங்காலை மடக்கி, அப்பா மாதிரியே ஒரு பக்கம் சாய்ந்து காட்டினாய். உன் அப்பா கதிரையை இழுத்துப் போட்டு முழுவதையும் பார்த்தார். முடிந்ததும், "நல்லா பேசுறான்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடையைத் திறக்கப் போனார். எங்கள் வீட்டுக் கதையை நீ ஊர் முன்னால் சொன்னபடியால் நானும் இதை ஊர் முன்னால்தான் எழுதுகிறேன். யாருடைய பெயரையும் போடவில்லை. போடாமலே உனக்கு விளங்கும்.

முதலில் ஒரு விஷயம். "அம்மாவுக்கு இந்தப் புதுச் சாமான்கள் விளங்காது, அவங்க பழைய காலத்து ஆள்" என்று நீ உன் அக்காவிடம் சொன்னாயாம். நான் தெல்தோட்டைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்போடு நின்றவள், உண்மை. ஆனால் கண்டி மார்க்கட்டுக்குப் பின்னால் உள்ள சந்தில் முப்பது வருடமாகப் பேன்சி சாமான் விற்றவளும் நான்தான். இங்கிலீசை விளையாட்டுச் சாமான் பெட்டிகளில் அச்சடித்திருந்ததைக் கூட்டிக் கூட்டி வாசித்துப் படித்தேன். சிங்களத்தைக் கடை மேசைக்குப் பின்னால் நின்று படித்தேன். சாவி கொடுத்தால் கைதட்டும் குரங்கு, குலுக்கினால் பனி கொட்டும் கண்ணாடி உருண்டை, தண்ணீருக்குள் வளையம் எறியும் விளையாட்டு, பேசும் கிளி, பேனா என்று கொடுத்தால் கையில் ஷொக் அடிக்கும் சாமான், எல்லாம் என் கையால் போய் வந்தவை. எது மூன்று நாளில் மூலைக்குப் போகும், எதை மூன்று வருடம் கழித்துப் பற்றரி மூடி உடைந்துவிட்டது என்று ரப்பர் பட்டியால் சுற்றிக்கொண்டு திரும்பக் கொண்டுவருவார்கள் என்று பெட்டியைப் பிரிக்கும்போதே சொல்லுவேன். எனக்கு விளங்காது என்று நீ சொல்லக்கூடாத ஒரே விஷயம் இதுதான்.

தொண்ணூறுக்குக் கிட்டத்தில், தெருவில் எரிந்த டயரும் பிணமும் பார்த்துப் பழகிய காலம் கொஞ்சம் தணிந்திருந்தது, புறக்கோட்டையிலிருந்து ஒரு விற்பனைக்காரர் வந்தார். உனக்கு ஞாபகம் இருக்கும், வாய் நிறைய வெற்றிலை, எப்போதும் இரண்டு சூட்கேஸ். துப்பாக்கி மாதிரி ஒரு சிகரட் லைட்டரை மேசையில் வைத்தார். விசையை இழுத்தால் குழல் நுனியில் நெருப்பு வரும்.

"அக்கா, கொழும்புல இது பறக்குது."

"பறக்கட்டும். இங்க வச்சிருந்தா நாங்கதான் பறக்கணும்."

"ஒரு பெட்டி மட்டும் போட்டுப் பாருங்களேன். பொம்மைதானே."

"பொம்மைன்னு உங்களுக்கும் எனக்கும் தெரியும். இருட்டுல இத எவனாவது சட்டைப் பையில இருந்து எடுத்தா, எதிர்ல நிக்கிறவனுக்கு யாரு போய் சொல்றது? நீங்க கூடவே போவீங்களா?"

அவர் சிரித்துக்கொண்டே பெட்டியை மூடினார். நீ அப்போது காசு லாச்சிப் பக்கத்தில் உட்கார்ந்து அந்த லைட்டரை ஆசையாகப் பார்த்தாய். வேண்டுமென்று கேட்கவில்லை. உனக்கு அப்போதே தெரிந்திருந்தது என்று நினைத்தேன். எங்கள் கடையில் விளையாட்டுத் துப்பாக்கி இல்லை, பொய்க் கைக்குண்டு இல்லை, வெடிக்கும் சிகரட் இல்லை. இது என் பயந்த புத்தி என்று அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் பகிடி பண்ணினார்கள். பண்ணட்டும் என்று விட்டேன். அந்தக் கடையில் வளர்ந்த பிள்ளை, கனடாவுக்குப் போய் அன்பளிப்புச் சாமான் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, தன் கம்பெனி விற்கிற வெடிகுண்டு மணிக்கூட்டைக் கண்டியில் இருக்கும் தமிழ் வீட்டு விலாசத்துக்கு அனுப்புகிறான் என்றால் நான் என்னத்தைச் சொல்ல.

இனி அந்த விளையாட்டுப் பெட்டியைப் பற்றிச் சொல்லுகிறேன். உன் மாமா கப்பலில் வேலை செய்தபோது சிங்கப்பூரில் வாங்கிவந்தது. உள்ளங்கை அகலம், வெள்ளித் தகடு, இடமும் வலமும் ஒவ்வொரு பொத்தான். ஓடுகிற ரயிலின் மூன்று ஜன்னலிலிருந்து பெட்டிகள் விழும். கீழே சுமைதூக்கி ஒருவன் ஓடி ஓடிப் பிடிக்க வேண்டும். மூன்று பெட்டி தரையில் விழுந்தால் ஆட்டம் முடிந்தது. வேறு ஒன்றும் கிடையாது. உனக்கென்றுதான் வாங்கிவந்தான். நீ தூங்கிய பிறகு நானும் எடுத்து விளையாடினேன், மறைக்கவில்லை.

எண்பத்து மூன்று ஆடியில் தமிழர் கடைகளோடு எங்கள் கடையும் எரிந்துகொண்டிருந்தபோது நாங்கள் மடவளைக்குப் போகும் ஒரு மரக்கறி வேனில் சாக்குகளுக்குப் பின்னால் இருந்தோம். எங்களுக்குச் சாமான் கொடுத்துவந்த ஹாஜியார் வேனை அனுப்பியிருந்தார். அவருடைய வீட்டுப் பின்னறையில், மேலே தட்டுத் தட்டாகச் சவர்க்காரப் பெட்டிகள், கீழே நாங்கள் நான்கு பேர். எடுத்துவந்த பையில் உன் சட்டை இரண்டும், அக்காவின் பாடப்புத்தகமும், அந்தப் பெட்டியும் இருந்தன. உனக்கு ஐந்து வயது. உன்னை அழாமல் வைத்திருந்தது அந்தப் பெட்டிதான். ஆனால் விழும் பெட்டியைப் பிடித்தால் ஒரு கீச்சு, தவறவிட்டால் ஒரு நீளக் கீச்சு. சத்தத்தைக் குறைக்க அதில் வழியே இல்லை.

இரண்டாம் நாள் பகல், தெருமுனையில் ஒரு லொறி நிற்கிறது, தமிழர் இருக்கிறார்களா என்று வீடு வீடாகக் கேட்டு வருகிறார்கள் என்று செய்தி வந்தது. ஹாஜியாரின் மனைவி உள்ளே வந்தார். என்னை விடச் சின்னவர், தலையில் முந்தானை, கையில் அடுப்படிக் கத்தரிக்கோல்.

"ராத்தா, புள்ளட கையில இருக்கிற சாமான் கத்துது. ரோட்டுக்கே கேக்கும். எங்கட ஊட்டுல இப்படிச் சாமான் இல்லண்டு ஊருக்கே தெரியும்."

நான் உன்னிடமிருந்து பிடுங்கப் பார்த்தேன். நீ வாயைத் திறந்தாய். அவர் உன் வாயைப் பொத்தினார். "எடுக்க வாணாம். எடுத்தா அழுவான். 'அம்மா'ண்டுதான் அழுவான். இந்தத் தெருவுல எந்தப் புள்ள அம்மாண்டு அழுது? எங்கட புள்ளையள் உம்மாண்டுதானே அழும்."

எடுக்கவும் முடியாது, விடவும் முடியாது. அவர் பெட்டியை உன் கையிலேயே வைத்துக்கொண்டு திருப்பினார். முதுகுப் பக்கத்தில் சத்தம் வரும் சின்னத் துவாரத்தில் பஞ்சை அடைத்து, மேலே பிளாஸ்தர் வெட்டி ஒட்டினார். ஒன்று போதவில்லை. மேலே இன்னொன்று, அதற்குக் குறுக்கே இன்னொன்று. பிறகு உன் கன்னத்தைத் தட்டி, "இப்ப அடிங்க வாப்பா, நல்லா அடிங்க" என்றார். நீ அடித்தாய். முன்கதவில் ஹாஜியார் யாரோடோ சிங்களத்தில் பேசிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. தன் வீட்டில் தன் ஆட்களைத் தவிர யாருமில்லை என்றார். உன் பெட்டியின் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. உன் கையை என் கைக்குள் வைத்திருந்தேன், ஒவ்வொரு கீச்சும் உள்ளங்கையில் ஒரு துடிப்பாக மட்டும் தெரிந்தது. லொறி போய்விட்டது.

அந்தப் பிளாஸ்தரைப் பிறகு நான் கழற்றவில்லை. பற்றரி மாற்றும்போதுகூட அதைத் தொடாமல்தான் மாற்றினேன். பழுப்பாகி, ஓரம் கறுத்து, பெட்டியோடு ஒரு தோலாகவே ஆகிவிட்டது. மாமாவும் மற்றவர்களும் கொண்டுவந்த வேறு பெட்டிகளும் சேர்ந்தன, எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருந்தேன். ஆனால் தினமும் கையில் எடுத்தது அந்த ஒன்றைத்தான். கடையைத் திரும்பக் கட்டிய காலத்தில், மத்தியானம் ஆள் வராத நேரத்தில், மேசைக்குக் கீழே வைத்து விளையாடுவேன். வாடிக்கையாளர்களுக்குத் தெரியும், "அக்கா ரயிலுக்குப் போயிட்டாங்க" என்று பகிடி பண்ணுவார்கள்.

அதில் அப்படி என்ன இருக்கிறது என்று நீ கேட்டிருக்கிறாய். இதுவரை பதில் சொல்லவில்லை, இப்போது சொல்லுகிறேன். அந்த விளையாட்டில் தோற்றால் ஏன் தோற்றேன் என்று எனக்குத் தெரியும். பெட்டி எந்த ஜன்னலிலிருந்து விழுந்தது, நான் எங்கே நின்றேன், எவ்வளவு பிந்தினேன், எல்லாம் கண் முன்னால். போகப் போக வேகம் கூடும், ஆனால் விதி மாறாது. நேற்று வரைக்கும் பெட்டி போட்ட ஜன்னல் இன்றைக்குக் கல்லெறியாது. எங்கள் கடை ஏன் எரிந்தது, பக்கத்துக் கடை ஏன் எரியவில்லை, எண்பத்து மூன்றில் எரித்தவன் எண்பத்தைந்தில் வந்து என்னிடமே மகளுக்குப் பொம்மை வாங்கும்போது நான் என்ன முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும், இதற்கெல்லாம் விதி எழுதிய தாளை எந்தப் பெட்டிக்குள்ளும் நான் காணவில்லை. எனக்கு ஒரு நாளில் கொஞ்ச நேரமாவது நியாயமாக நடக்கிற ஒரு சாமான் தேவைப்பட்டது. உங்கள் அன்பளிப்புக் கம்பெனி விற்பவை அப்படியானவை அல்ல. அவை வேறொன்றாக வேஷம் போட்டு நிற்பவை. பார்த்தவன் ஒருமுறை ஏமாற வேண்டும், பிறகு ஒருமுறை சிரிக்க வேண்டும், அத்தோடு அதன் வேலை முடிந்தது. ஏமாறுகிறவன் கையில் துவக்கு இருந்தால் அவன் சிரிக்கும் வரைக்கும் நீ உயிரோடு இருக்க வேண்டும்.

இது உனக்குத் தெரியாத விஷயம் அல்ல. தலதா மாளிகையில் குண்டு வெடித்த வருடம், ஊர் முழுக்கத் தமிழ்ப் பையன்களைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள், கட்டுகஸ்தோட்டைச் சோதனைச்சாவடியில் உன்னைப் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். உன் பையில் கட்டை விழும் விளையாட்டு ஒன்று இருந்தது. சின்னப் பற்றரி சீக்கிரம் தீர்கிறது என்று பெரிய பற்றரிக் கூடு ஒன்றை வயர் வைத்துப் பொருத்தியிருந்தாய். எத்தனை தரம் சொன்னேன், வயரோடு வெளியே கொண்டுபோகாதே என்று. நான் பொலிசுக்கு வந்தபோது நீ மர வாங்கில் குந்தியிருந்தாய், சாமான் மேசையில் இருந்தது, யாரும் கிட்டப் போகவில்லை. நான் சார்ஜன்ட்டிடம் சிங்களத்தில் சொன்னேன், இது விளையாட்டு, வேண்டுமென்றால் பிள்ளை விளையாடிக் காட்டுவான் என்று. நீ விளையாடினாய். மூன்று வரி போனதும் ஒரு கொன்ஸ்டபிள் உன் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தான். பிறகு, தா பார்ப்போம் என்று வாங்கினான். உடனே தோற்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். இன்னொரு தரம் என்றான்.

"மாத்தயா, நீளக் கட்டைக்கு ஒரு ஓரத்தை விட்டு வையுங்கள்" என்று நான் சிங்களத்தில் சொல்லிக் கொடுத்தேன்.

"அம்மே, நீங்கள் சும்மா இருங்கள், எனக்குத் தெரியும்" என்றான், அதற்குள் மறுபடி தோற்றான். கடைசியில் சார்ஜன்ட் அவனைத் திட்டிச் சாமானை வாங்கி உன்னிடம் கொடுத்து, வீட்டுக்குப் போ என்றார். அன்றைக்கு நாங்கள் நடந்தே வந்தோம். வழியில் நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? "நல்லவேளை அம்மா, இதை விளையாடிக் காட்ட முடிஞ்சிச்சு" என்றாய். தம்பி, அந்த வசனத்தை நீதான் சொன்னாய். விளையாட்டு என்றால் விளையாடிக் காட்டலாம். பகிடியை எப்படிக் காட்டுவது? வெடிகுண்டு போல் இருக்கும் ஒன்று வெடிகுண்டு அல்ல என்று காட்ட, அது வெடிக்காமல் இருக்கும் வரை பக்கத்தில் நின்றுகொண்டிருப்பதைத் தவிர வேறு வழி உண்டா?

உன் அப்பா அப்படித்தான் நின்றார். நீ விருந்தில் இந்த இடத்தைப் பாதிதான் சொன்னாய், மீதியை நான் சொல்லுகிறேன். பார்சலைத் திறந்து பார்க்க வேண்டும் என்றார் கவுண்டரில் இருந்தவர். அப்பா, சரி மாத்தயா, மகன் அனுப்பியது என்றார், பெருமையாக. தாளை வெட்டினார்கள். சிவப்புக் குழாய்கள் கறுப்பு நாடாவால் கட்டியபடி, மேலே சுருள் வயர், நடுவில் இலக்கம். பெட்டி அசைந்ததும் இலக்கம் பின்னோக்கி ஓடத் தொடங்கியது. கவுண்டரில் இருந்தவர் கத்தினார், எல்லோரும் வாசலுக்கு ஓடினார்கள். அப்பா ஓடவில்லை. ஏன் ஓடவில்லை என்று பொலிசில் திரும்பத் திரும்பக் கேட்டார்களாம். அது வெடிக்காது என்று தெரிந்தவன்தான் ஓடாமல் நிற்பான், அப்படியென்றால் உனக்கு அது என்ன என்று முன்பே தெரியும் என்றார்களாம். அவருக்கு முழங்கால் வலி, தம்பி. ஓட முடியாது. அவ்வளவுதான். அந்த முழங்காலில்தான் அவரைத் தெருவில் நிற்க வைத்தார்கள். எங்களிடம் பிள்ளைகளுக்குச் சாமான் வாங்கியவர்கள், அந்தப் பிள்ளைகளுக்குப் பிறந்த பிள்ளைகளுக்கும் வாங்கியவர்கள், எதிர்ப்பக்கத்தில் நின்று பார்த்தார்கள்.

இன்ஸ்பெக்டர் கேட்டாராம், உங்கள் மகன் ஏன் இதை அனுப்பினான் என்று.

"விடியக் காலையில எழும்புறதுக்கு, மாத்தயா."

"குண்டு இல்லாமல் உங்களால் எழும்ப முடியாதா?"

இந்த இடத்தில்தான் உன் மண்டபம் சிரித்தது. அங்கே அந்த அறையிலும் சிரித்தார்களாம். அப்பா சிரிக்கவில்லை என்று நீ அதில் சேர்த்திருக்கலாம். மறுநாள் எங்கள் சட்டத்தரணியும், பக்கத்துத் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற சிங்கள ரீச்சர் ஒருவரும் வந்து பொறுப்பெடுத்ததால் விட்டார்கள். ஆனால் கோப்பு மூடவில்லை. அனுப்பியவரின் சத்தியக் கடதாசி வரும் வரைக்கும் அப்பா ஒவ்வொரு திங்கட்கிழமையும் கடையைப் பூட்டிவிட்டுப் போய்க் கையெழுத்து வைக்க வேண்டும். மழையோ வெயிலோ, அந்த முழங்காலோடு படியேறிப் போகிறார். உன்னிடம் கேட்ட ஒரே காரியம் அந்தக் கடதாசிதான். நீ, "மண்டபம், சாப்பாடு, அழைப்பிதழ் வேலையெல்லாம் முடியட்டும்மா" என்றாய். கதை சொல்ல நேரம் கிடைத்திருக்கிறது.

அப்பாவைப் பிடித்த அன்றைக்கே வீட்டைச் சோதிக்க வந்தார்கள். அலுமாரியைக் கொட்டினார்கள், பிஸ்கட் டின் அகப்பட்டது. பற்றரி போட்ட சாமான்கள் ஒரு டின் நிறைய, வெடிகுண்டு பார்சல் வந்த வீட்டில். நான் பயப்படவில்லை, உன்னை மீட்ட வழி எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். சார்ஜன்ட்டிடம், தாருங்கள் விளையாடிக் காட்டுகிறேன் என்றேன். அந்த ரயில் விளையாட்டை எடுத்து விளையாடிக் காட்டினேன். ஒரு பெட்டியைக்கூடத் தவறவிடவில்லை. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"இந்தத் துவாரத்தை ஏன் அடைத்திருக்கிறீர்கள்?"

"சத்தம் வராமலிருக்க."

"ஏன் சத்தம் வரக்கூடாது?"

தம்பி, எனக்கு மூன்று பாஷை தெரியும். எத்தனையோ அதிகாரிகளுக்கு எத்தனையோ பதில் சொல்லியிருக்கிறேன், வாய்க்காரி என்று பெயர் எடுத்தவள். அந்தக் கேள்விக்கு அந்த அறையில் நின்று சொல்லக்கூடிய பதில் எந்தப் பாஷையிலும் எனக்கு அகப்படவில்லை. உண்மையைச் சொன்னால் அவருக்கு என்னவாகக் கேட்கும்? பொய் ஒன்றைத் தேடினேன், அதுவும் வரவில்லை. அவர் நகத்தால் பிளாஸ்தரின் ஓரத்தை நெம்பத் தொடங்கினார். நான் பெட்டியின் மேல் கையை வைத்துவிட்டேன். ஒரு பெண் கொன்ஸ்டபிள் என் கையைப் பிடித்து எடுத்தாள், முரட்டுத்தனமாக அல்ல. "உள்ளே எதையோ ஒளித்திருக்கிறாள், கொழும்புக்கு அனுப்பித் திறந்து பார்க்க வேண்டும்" என்று சார்ஜன்ட் சொல்லி, டின்னோடு ஒரு பையில் போட்டு முத்திரை வைத்தார். இன்னும் அனுப்பவில்லை என்று சட்டத்தரணி சொல்லுகிறார். உன் கடதாசி வந்தால் அனுப்பத் தேவையிருக்காது என்றும் சொல்லுகிறார்.

இதை நான் ரெலிபோனில் சொன்னபோது நீ, "அதுக்கென்னம்மா, புதுசு ஒண்ணு அனுப்புறேன். பழைய கேம் எல்லாம் ஒரே சாமான்ல இருக்கு, பார்க்கவும் பழசு மாதிரியே இருக்கும்" என்றாய். பார்க்கப் பழசு மாதிரி. உங்கள் ஆட்கள் இப்போது பழசையும் வேஷமாகப் போட்டு விற்கிறார்கள் போலிருக்கிறது. நூற்றுக்கணக்கில் விளையாட்டைப் போட்டால் எதையும் தோற்கும் வரை யாரும் விளையாட மாட்டார்கள், கஷ்டமானதும் அடுத்ததுக்குத் தாவுவார்கள். அதைவிட, கீறலைக்கூட அச்சடித்துத் தருகிறார்களாம். எனக்கு அச்சடித்த கீறல் வேண்டாம். இன்னொரு பார்சலும் இந்த விலாசத்துக்கு வர வேண்டாம்.

உன் கல்யாணத்துக்கு வந்தால் எல்லாம் நேரில் பேசித் தீர்க்கலாம் என்று அக்கா சொல்லுகிறாள். பேசித் தீர்க்க இதில் ஒன்றும் இல்லை, செய்ய வேண்டியவைதான் இருக்கின்றன. நீ இந்தக் கிழமையே ஒட்டாவாவிலுள்ள இலங்கை உயர்ஸ்தானிகராலயத்துக்கு நேரில் போய், அந்த மணிக்கூட்டை வாங்கியதும் அனுப்பியதும் நீ, அது என்ன சாமான், உன் அப்பாவுக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று சத்தியக் கடதாசி முடித்து, கடை ரசீதையும் இணைத்து, பதிவுத் தபாலில் சட்டத்தரணியின் விலாசத்துக்கு அனுப்ப வேண்டும். அப்பாவின் பெயருக்கு அனுப்பக்கூடாது. அந்த வீடியோவை உனக்குப் பேசிய பெண் தன் கையாலேயே அழிக்க வேண்டும், யார் யாருக்கு அனுப்பினாளோ அவர்களிடமும் சொல்லி அழிக்கச் சொல்ல வேண்டும். ஏன் என்று அவளுக்கு விளங்கப்படுத்த வேண்டியவன் நீ, மடவளையிலிருந்து தொடங்கு. கல்யாண விருந்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க உன் கம்பெனிச் சாமான்கள் எடுத்து வைத்திருக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். அவற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஆளுக்கொரு மிட்டாய்ப் பொட்டலம் கொடு. அப்பாவை ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டுப் பேசு, பக்கத்தில் யாரும் இல்லாமல், மன்னிப்பு என்ற வார்த்தையை முதலில் எடுக்காமல், முழங்கால் எப்படி என்று கேள். அவர் நல்லாயிருக்கு என்பார். இன்னொரு தரம் கேள்.

உன் அக்கா கடதாசி வந்த அன்றைக்கே சட்டத்தரணியோடு போய் டின்னைக் கேட்க வேண்டும், பெட்டிகளை எண்ணி, பொலிஸ் எழுதிய பட்டியலோடு பார்த்துத்தான் கையெழுத்து வைக்க வேண்டும். சட்டத்தரணி அந்தப் பையைக் கொழும்புக்கு அனுப்பவிடாமல் அதுவரை பிடித்து வைக்க வேண்டும். சார்ஜன்ட் முத்திரையை உடைக்காமல் தர வேண்டும். அவர் கேட்ட கேள்விக்குப் பதில் நான் கடன்படவில்லை. அப்பா திங்கட்கிழமைகளில் மறுபடி கடையைத் திறக்க வேண்டும். அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் கல்யாணத்துக்கு வருவோம், அதற்கு முன்னால் வரமாட்டோம். பெட்டி கைக்கு வந்ததும் நான் பற்றரி மாற்றுவேன். பிளாஸ்தரில் யாரும் கை வைக்க வேண்டாம். நீயும் வேண்டாம், துடைத்துச் சுத்தம் பண்ணித் தருகிறேன் என்று அக்காவும் வேண்டாம். அதைக் கழற்றும் நாள் வந்தால் நான்தான் கழற்றுவேன். இன்னும் வரவில்லை.

உன் அம்மா